மண்டலக் கூட்டம் நடத்தப் போகும் புதுச் செயலாளருக்கு

கட்டுநர் சங்கத்தில் தலைவர் பதவிக்கு ஆள் இருக்கும், பொருளாளர் பதவிக்கும் ஆள் இருக்கும். செயலாளர் யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அப்படி வெளியே போகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் நான். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று சுற்றுவட்டார உறுப்பினர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கும் வேலை இப்போது என் தலையில். நீங்களும் உங்கள் பக்கத்தில் இப்படி மாட்டியிருந்தால், இதைப் படித்துவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

முதலில் தேதி. இதில்தான் பாதிக் கூட்டம் அடங்கியிருக்கிறது.

சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். அது கூலிப் பட்டுவாடா நாள். ஐந்து மணிக்கு மேல் எந்தக் காண்ட்ராக்டரும் மனிதனாக இருக்க மாட்டார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பணக்கட்டு, எதிரே மேஸ்திரி. மாதத்தில் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்ய ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். மார்ச் மாதத்தை நினைத்தே பார்க்காதீர்கள். அரசு வேலை செய்பவர்கள் அப்போது கோட்டப் பொறியாளர் அலுவலக வாசலில் குடியிருப்பார்கள்.

அடுத்து பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் ஆள் கிடைக்காது. நம் ஆட்களுக்கு அன்றைக்கு நாலு கிரகப்பிரவேசம், ரெண்டு கல்யாணம் இருக்கும். நிறையப் பேர் கோட்டை விடுவது வாஸ்து நாளில். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. வருடத்தில் இந்த எட்டு நாளும் வீடு கட்டுபவர் மனை முகூர்த்தம் வைத்திருப்பார், நீங்கள் கடப்பாரையோடு அங்கே நிற்க வேண்டும். காலண்டரில் இந்த எட்டையும் முதலில் சிவப்பு மையால் அடித்துவிட்டு அப்புறம் தேதி பாருங்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்தது அமாவாசை. எங்கள் பக்கம் சில ஊர்களில் ஆசாரிமாரும் கொத்தனார்மாரும் அமாவாசைக்கு வேலைக்கு வர மாட்டார்கள். சைட்டில் வேலை நின்றால் உறுப்பினருக்கு மனசு லேசாக இருக்கும், போனும் அடிக்காது. காலையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டு வரட்டும் என்று மூன்று மணிக்குத் தொடங்குவேன். அசைவச் செலவும் மிச்சம். வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் அமாவாசை பார்ப்பதில்லை என்பதால் இந்த வசதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருகிறது. ஆனாலும் இன்றுவரை எங்களுக்குக் கைகொடுக்கிறது. ஞாயிறுதான் வேண்டும் என்று உறுப்பினர்கள் பிடிவாதம் பிடித்தால் ஆடியிலோ மார்கழியிலோ வையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், மண்டபக்காரர் வாடகையில் இறங்கி வருவார்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்குள்ளே போகாதீர்கள். எங்கள் திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம், மெயின்கார்டு கேட் பக்கம் மண்டபம் எடுத்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து வருபவர் தஞ்சாவூர் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வர வேண்டும். வாழவந்தான்கோட்டை டோல் தாண்டியதும் ஊருக்கு வெளியிலேயே வண்டியை விட்டு இறங்க வழி செய்தால் அடுத்த முறையும் வருவார். ஒவ்வொரு கூட்டத்தையும் வேறு வேறு மாவட்டத்தில் வைக்கலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். கேட்க நியாயமாக இருக்கும். நடத்திப் பார்த்தால் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். வருடத்துக்கு ஒன்றை வெளியூரில் வையுங்கள், போதும்.

வருவோர் கணக்கு

வாட்ஸாப் குழுவில் அழைப்பிதழ் போட்டதும் கட்டைவிரல் படங்கள் வந்து குவியும். அதை எண்ணிச் சாப்பாட்டுக்குச் சொல்லாதீர்கள். கட்டைவிரல் என்றால் ‘பார்த்தேன்’ என்று மட்டும்தான் பொருள். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு மேல், சைட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில், ஒவ்வொருவருக்கும் போன் போட வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டால் வேலை சுலபம். “அண்ணே, நாளைக்குக் காங்கிரீட் ஏதும் இருக்கா?” என்று கேட்கச் சொல்வேன். கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். காங்கிரீட் இருக்கிறதா என்று கேட்டால் உண்மை வந்துவிடும். தளம் போடும் நாளில் எந்தச் சங்கமும் ஒருவரை இழுத்து வர முடியாது, இழுக்கவும் கூடாது.

அழைப்பிதழில் யார் படம் பெரிதாக, யார் பெயர் மேலே என்ற சண்டை இருக்கிறதே, அதற்கு ஒரே வழி படமே போடாமல் இருப்பது. நிகழ்ச்சி நிரலை மட்டும் போடுங்கள். எந்தத் தலைப்பில் யார் பேசுகிறார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். முன்னாள் தலைவர்கள் ஒரு கூட்டம் வரைக்கும் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

மேடை

தமிழ்த்தாய் வாழ்த்து, விளக்கேற்றுதல், வரவேற்புரை. இது வரைக்கும் சரி. அதற்கு அடுத்து பொன்னாடை என்று ஒன்று தொடங்கும். மேடையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் எட்டுப் பேர் போர்த்துவார்கள். போர்த்தும் ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்து நிற்பார். கேமராக்காரர் “இன்னொண்ணு சார்” என்பார். பட்டுக்கோட்டையிலிருந்து வந்தவர் அதற்குள் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எங்களிடம் இப்போது ஒரே ஒரு பொன்னாடைதான், அதுவும் வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு மட்டும். பேசுபவர்களிடம் ‘அவர்களே’ வரிசையை மேடைக்கு மொத்தமாக ஒரு முறை சொன்னால் போதும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டுச் செலவைச் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், வாட்டர்புரூஃபிங் கம்பெனிகளில் ஏதாவது ஒன்று ஏற்கும். ஏற்கட்டும், தப்பில்லை. காசோலையாக வாங்கி சங்க ரசீது கொடுத்துவிடுங்கள். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் மைக்கைக் கொடுக்கக் கூடாது. அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக வைக்காமல் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பசியோடு இருப்பவனிடம் ஸ்லைடு காட்டினால் பொருளின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். அது கம்பெனிக்கும் நல்லதல்ல. பேச வருபவரிடம் முன்பே மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எந்த ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) தரத்துக்கு உட்பட்டது, சோதனைச் சான்று எந்தத் தேதி, எந்த ஆய்வகம். சான்று இல்லாமல் படம் மட்டும் காட்டுபவருக்குப் பந்தியில் இடம் உண்டு, மேடையில் இடமில்லை.

அதிகாரிகளை அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நகர ஊரமைப்பு அலுவலகத்திலிருந்தோ மாநகராட்சியிலிருந்தோ ஒருவர் வந்தால், உறுப்பினர்கள் தங்கள் கோப்பு மூன்று மாதமாகத் தூங்குவதை மேடையிலேயே கேட்டுவிடத் துடிப்பார்கள். கேட்டால் அந்த அதிகாரி அடுத்த முறை வர மாட்டார். அது மட்டுமில்லை, அந்தக் கோப்பும் நகராது. அதனால் கேள்விகளை எழுத்தில் வாங்கி, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, மூன்று நாளுக்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுவேன். கோப்பு எண் கேள்விகள் மேடைக்குக் கிடையாது, விதிக் கேள்விகள் மட்டும். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தபோது இப்படித்தான் செய்தோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு என்றால் இணையத்திலேயே அனுமதி என்று அறிவிப்பு வந்ததும், எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள்தான்: பக்கவாட்டு இடைவெளியில் தவறு வந்தால் யார் பொறுப்பு, கையெழுத்துப் போட்ட இன்ஜினியரா, மனைக்காரரா? பட்டியலை முன்பே பார்த்துவிட்டு வந்ததால் விருந்தினர் விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து பக்கம் புரட்டிப் பதில் சொன்னார். அப்படி நடந்தால் கைதட்டல் தானாக வரும்.

தொழிலாளர் துறையிலிருந்து ஒருவரை வருடத்துக்கு ஒரு தடவையாவது அழையுங்கள். திட்ட அனுமதியின்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதி கட்டுகிறோம். 1994-இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் நம் தளத்து ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கொத்தனாரைக் கேட்கிறேன் என்பார்கள். பணம் கட்டியது நாம், அதன் பலனை ஆள் வாங்க வேண்டாமா? சித்தாள்களையும் மேஸ்திரிகளையும் அன்றே கூட்டி வரச் சொல்லி, மண்டபத்தின் ஒரு மூலையில் லேப்டாப் வைத்துப் பதிவு செய்து கொடுத்தால், அந்தக் கூட்டத்தைப் பற்றி ஊரே பேசும்.

கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று

எல்லாக் கூட்டத்திலும் பேச்சு மட்டுமே இருந்தால் நம் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து நிலம் வாங்கி விற்கத் தொடங்கிவிடுவார்கள். செய்முறை ஒன்று வையுங்கள். எங்களிடம் அதிகம் எடுபட்டது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல். அதில் தூள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

ஆளுக்கு ஒரு கிலோ எம்-சாண்ட், நடந்துகொண்டிருக்கும் தளத்திலிருந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவரச் சொன்னோம். கிரஷர், அதாவது கல் உடைக்கும் ஆலையின் பெயர் கூடாது, எண் மட்டும். பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலிருந்து 75 மைக்ரான் சல்லடையும் எடைத் தராசும் இரவல். அடுப்பும் வாணலியும் சமையல்காரரிடம்.

செய்முறை சுலபம். மணலை முதலில் வாணலியில் போட்டு ஈரம் போக வறுத்து, ஆறியதும் 500 கிராம் நிறுத்து எடுக்க வேண்டும். சல்லடையில் கொட்டி மெதுவாகத் தண்ணீர் விட்டு, கையால் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கீழே வரும் தண்ணீர் பாலில் சாம்பல் கலந்த நிறத்தில் இருக்கும். தெளிந்து வரும் வரைக்கும் விடக் கூடாது. பிறகு மேலே நின்ற மணலைத் திரும்பவும் வறுத்து நிறுக்க வேண்டும். 425 கிராம் இருந்தால் 75 கிராம் தூள் போயிருக்கிறது, அதாவது 15 சதவீதம். ஐ.எஸ். 383, 2016 பதிப்பு, உடைத்துச் செய்த மணலுக்கு 75 மைக்ரானுக்குக் கீழே அனுமதிக்கும் உச்சம் அதுதான். அதைத் தாண்டினால் சிமெண்ட் அதிகம் குடிக்கும், தண்ணீர் அதிகம் கேட்கும், பூச்சில் மயிரிழை வெடிப்பு வரும்.

ஏழாம் எண் பை வாணலியிலிருந்து இறங்கி தராசுக்குப் போனபோது மண்டபமே எழுந்து வந்து சுற்றி நின்றது. கல்லூரிப் பையன் எடையைப் படித்தான்: 391. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு புதுக்கோட்டைக்காரர் ஒருவர், “அது மணல் இல்ல தம்பி, பவுடரு” என்றார். சிரிப்பு. அந்தப் பையைக் கொண்டுவந்தவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எண் வைத்ததே அதற்குத்தான். ஆனால் அடுத்த வாரம் பல தளங்களில் லோடு இறக்குவதற்கு முன் டிரைவரிடம் ஒரு கைப்பிடி வாங்கி, தேய்த்துப் பார்த்து, உள்ளங்கையில் ஒட்டுகிற தூளைக் காட்டிச் சண்டை போட்டார்கள் என்று கேள்வி. ஒரு கூட்டத்துக்கு இது போதும்.

இதே மாதிரி கம்பி எடை பார்க்கலாம். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ அளவில் இருக்க வேண்டும். எம்.எம். கணக்கில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் கிடைக்கும். ஒரு மீட்டர் துண்டு வெட்டிக்கொண்டு வரச் சொன்னால் போதும்.

பேசக் கூடாத பேச்சு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செயலாளரைச் சிக்கலில் மாட்டிவிடுவது இதுதான்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, “சார், எல்லாரும் சதுர அடிக்கு இவ்வளவுக்குக் கீழ வேலை எடுக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்க. இல்லைன்னா இந்தத் தொழிலே இருக்காது” என்பார். மண்டபம் கைதட்டும். கீழ்விலைக்கு எடுத்து வேலையைப் பாதியில் விட்டு ஓடுகிறவர்களால் அவர் அடிபட்டிருப்பார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதினால் அது சங்கத்துக்கு எதிரான சாட்சி.

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒரே தொழில் செய்பவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதையும் டெண்டரைப் பங்கு போடுவதையும் தடை செய்கிறது. தொழில் சங்கத்துக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்ததே நம் தொழில்தான். சிமெண்ட் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுகின்றன என்று 2010-இல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. நம் ஊர்ப் பத்திரிகைகளில் அகில இந்திய கட்டுநர் வல்லுநர் சங்கம் என்று வருமே, 1941-இல் தொடங்கிய அதே அமைப்பு. 2012 ஜூனில் ஆணையம் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு மொத்தம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் தனியாக அபராதம். அந்தச் சங்கத்தின் உயர்மட்டக் குழு கூடியதும் அதைத் தொடர்ந்து விலை ஏறியதும் ஆணையம் கணக்கில் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று. 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடைமுறைக் காரணத்துக்காக அந்த உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2016-இல் ஆணையம் மறுபடியும் அபராதம் போட்டது, 2018-இல் மேல்முறையீட்டில் அது உறுதியானது, அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தக் கதையில் எனக்குத் தேவையானது ஒன்றுதான்: ஒரு சங்கம் ஹோட்டலில் கூடி என்ன பேசியது என்பதை வருடக்கணக்கில் வக்கீல்கள் பிரித்துப் பார்த்தார்கள். நாம் கொடுத்த புகாரில் அவர்கள் மேல் பாய்ந்த சட்டம் நம் மேலும் பாயும்.

ஆகவே கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். இன்னாருக்கு இந்த டெண்டர், நீ இதில் போடாதே, நான் அதில் போட மாட்டேன் என்கிற சிண்டிகேட் பேச்சு மண்டபத்துக்குள் கிடையாது. வாசல் டீக்கடையிலும் கூடாது, ஆனால் அங்கே நான் செயலாளர் இல்லை. குறைந்தபட்ச ரேட் தீர்மானம் கிடையாது. அடுத்த மாதம் எல்லோரும் எவ்வளவு ஏற்றப் போகிறோம் என்ற பேச்சு கிடையாது.

அப்படியானால் கீழ்விலைக்காரரை என்ன செய்வது? எங்கள் வழி இது. சதுர அடி ரேட் என்று சொல்லும்போது அதற்குள் எது அடக்கம், எது அடங்காது என்ற பட்டியல் ஒன்றைத் தயார் செய்தோம். செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சுவர், மாடிப் படி மேல் ஹெட்ரூம், மின் இணைப்புக் கட்டணம், அஸ்திவாரம் ஐந்தடிக்கு மேல் போனால் கூடுதல், மண் நிரப்புதல். விலை எதுவும் இல்லாத பட்டியல். வீடு கட்டுபவர் அதை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறைந்த ரேட்காரர் சம்ப்பையும் காம்பவுண்டையும் விட்டிருப்பது அவருக்கே தெரிந்துவிடும். ரேட்டை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். கைதட்டு குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துப் போகாதவர் இல்லை.

புலம்பலை மனுவாக்குவது

விவாத நேரத்தில் நீங்கள் மைக்கைக் கொடுத்தால் அரை மணி நேரம் புலம்பல் வரும். அதை நிறுத்தாதீர்கள். பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதே அதற்குத்தான். ஆனால் பக்கத்தில் ஒரு இளைஞரை உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். புலம்பி முடித்து ஒருவர் உட்காரும்போது ஒரு அச்சடித்த தாளை அவர் கையில் கொடுங்கள். அதில் நான்கு கட்டங்கள்: எந்த வேலை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, கையில் என்ன ஆதாரம். நிரப்பிக் கொடுத்தால்தான் தீர்மானத்தில் சேரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. 12 சதவீதத்தில் ஒப்பந்தம் போட்டு, பாதி வேலையில் இருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரு கோடி ரூபாய் வேலையில் 40 லட்சத்துக்கு அந்தத் தேதிக்குப் பிறகு பில் போட வேண்டியிருந்தால் வித்தியாசம் 2 லட்சத்து 40 ஆயிரம். சின்னக் காண்ட்ராக்டருக்கு அந்த வேலையின் லாபமே அவ்வளவுதான் இருக்கும். கூட்டத்தில் எழுந்த முதல் குரல் “வரியைக் குறைக்கச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுப்போம்” என்பது. வரி விகிதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் பார்ப்பது, கலெக்டர் என்ன செய்வார்? ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கூடுதல் வரியை யார் ஏற்பது என்பது வேலை கொடுத்த துறையின் கையில் இருக்கிறது. ஆக மனு இரண்டானது. விகிதத்தைப் பற்றியது மாநில அமைப்பு வழியாக மேலே. நடப்பு ஒப்பந்தங்களைப் பற்றியது அந்தந்தத் துறைத் தலைமைப் பொறியாளருக்கு. இரண்டாவது மனுவில் எங்கள் நான்கு கட்டத் தாள்களைப் பின்னால் கோத்து வைத்தோம். ஒப்பந்தத் தேதி, பில் தேதி, வித்தியாசத் தொகை. வாங்கிய அதிகாரி முதலில் புரட்டியது அந்தப் பின் தாள்களைத்தான்.

2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஜல்லியும் எம்-சாண்டும் வராமல் நின்றபோதும் இதே தாள்தான். எத்தனை தளம் நின்றது, எத்தனை ஆள் திரும்பிப் போனான், யூனிட்டுக்கு முன்பு என்ன பில், பின்பு என்ன பில். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய பில்லைக் காட்டி அரசிடம் முறையிடுவது வேறு, இனி இந்த விலைக்கு மேல் யாரும் வாங்க மாட்டோம் என்று கூடி முடிவெடுப்பது வேறு. மேலே சொன்ன சட்டத்தை மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22-இல் சிமெண்ட் வரி 28-லிருந்து 18 ஆனபோது எதிர்ப்பக்கச் சிக்கல் வந்தது, வீட்டுக்காரர்கள் நம்மிடம் தள்ளுபடி கேட்டார்கள். மூட்டை பில்லில் வரிக்கு முந்தைய விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று தேதிவாரியாக வைத்திருந்தவர்கள் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு தீர்மானம் என்றால் மூன்று வரிதான். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், எதன் அடிப்படையில். ‘இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது’ என்று தொடங்கும் தீர்மானத்தைப் பத்திரிகைக்காரர் கூட இப்போது போடுவதில்லை. ஒரு கூட்டத்துக்கு இரண்டு தீர்மானம் போதும். பத்து போட்டால் அடுத்த மூன்று மாதம் பத்துக் கடிதத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு நீங்கள்தான் அலைய வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு

பந்தி போடும்போது செயலாளர் முதல் வரிசையில் உட்காரக் கூடாது. கரண்டியை எடுத்துப் பரிமாறச் சொல்லவில்லை. இலைக்கு இலை நடந்து போங்கள். மைக்கில் வாயே திறக்காதவர் சாம்பார் சாதத்துக்கு நடுவில்தான், “தம்பி, எனக்கு ரெண்டு வருஷமா டெபாசிட்டு வரலை, யார்ட்ட கேக்கிறது?” என்று ஆரம்பிப்பார். அங்கேயே நான்கு கட்டத் தாளை நீட்டாதீர்கள், கை ஈரமாக இருக்கும். பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் கூப்பிடுங்கள்.

மினிட் மூன்று நாளுக்குள் போக வேண்டும். ஒரு வாரம் ஆனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஒரு மாதம் ஆனால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். வந்தவர் பட்டியல், தீர்மானங்கள், கடைசியில் யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்ற சின்ன அட்டவணை. பி.டி.எஃப் ஆக வாட்ஸாப்பில் போட்டு, கையெழுத்துப் பிரதியைக் கோப்பில் வையுங்கள். சொற்பொழிவுச் சுருக்கம் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். வரவு செலவையும் அதே நாளில் அனுப்பிவிடுங்கள்: மண்டபம், சாப்பாடு, மைக்செட், ஸ்பான்சர் கொடுத்தது, சங்கம் போட்டது. சாப்பாட்டுக்காரருக்கு மீதிப் பணத்தை மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். அடுத்த அமாவாசைக்கும் அவரிடம்தான் வாணலி கேட்கப் போகிறோம்.